பண்டிகை எப்போது முடியும் என்று காத்திருக்கிறேன்

கேள்வி: எனக்கு 41 வயது. வேலைக்குப் போகிறேன். ஒரு மகன், ஒரு மகள். பண்டிகை விடுமுறை நெருங்கினாலே நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் கெடுகிறது. யாருக்கு என்ன பரிசு, யார் எந்த அறையில் தங்குவது, எவருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எல்லாம் என் தலையில்தான். கணவர் நல்லவர். "என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்துவிடுகிறேன்" என்பார். போன முறை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மகளிடம் கத்திவிட்டேன். "உனக்குப் பண்டிகையே பிடிக்காதா அம்மா?" என்று கேட்டாள். நான் மோசமான தாயா?

பதில்: இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நல்ல நாளில் மனம் கசக்கலாமா என்ற குற்ற உணர்வு உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. நல்லதோ கெட்டதோ, வழக்கம் கலைந்தாலே மனத்துக்குச் சுமைதான். தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கை மாற்றங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் என்று மதிப்பெண் போட்டு 1967இல் வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. அதே பட்டியலில் விடுமுறைக்கு 13, கிறிஸ்துமஸுக்கு 12, குடும்பம் ஒன்றுகூடுவது கூடினாலும் குறைந்தாலும் 15. சின்ன எண்கள்தான். உங்களுக்கோ அவை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன.

ஆனாலும் முடிச்சு உங்கள் கணவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கடைக்குப் போவது அவர். போக வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதும், விட்டுப்போனது எது என்று பார்ப்பதும் நீங்கள். கை ஓய்ந்தாலும் தலை ஓய்வதில்லை. உறவுகளைக் கட்டிக்காக்கும் இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் மேலேயே விழுவதைச் சமூகவியலாளர் கரோலின் ரோசென்தால் 1985இலேயே ஆராய்ந்து எழுதினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் உங்கள் கடிதம் அதையே சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே உதவி கேட்காதீர்கள், பொறுப்பையே கொடுத்துவிடுங்கள். விருந்தினர் தங்குவது கணவர் பொறுப்பு என்றால், யார் எப்போது வருகிறார்கள் என்று விசாரிப்பதில் தொடங்கி, அவர்கள் போன பிறகு விரிப்புகளைத் துவைத்து மடித்து வைப்பது வரை அவருடையது. பிறகு நினைவூட்டவும் கூடாது. இதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். முதல் முறை ஒரு தலையணை குறையும். குறையட்டும். நீங்கள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தால் அந்தப் பொறுப்பு அன்றைக்கே உங்களிடம் திரும்பிவிடும். விடுமுறைக்கு மூன்று வாரம் முன்பே, சண்டை எதுவும் இல்லாத ஒரு மாலையில் இதைப் பேசி முடியுங்கள்.

பேசும்போதே பட்டியலில் மூன்றில் ஒரு பங்கை அடித்துவிடவும் வேண்டும். நேரத்தைப் பற்றி நாம் போடும் கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கிறது. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மாணவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பது ஒன்றரை நாள் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்துக்காக மாலைக் காபியை விட்டுவிடுங்கள். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காஃபீனில் ஏறக்குறைய பாதி உடலிலேயே இருக்கும். விடுமுறை முடிந்து இரண்டு வாரமாகியும் படபடப்பு அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் தூக்கக் கேடும் வரும். எல்லாவற்றையும் மனத்தின் மேல் போட்டுவிட வேண்டாம்.

மகளின் கேள்வி இன்னும் பதில் இல்லாமல் நிற்கிறது. அவள் மறந்திருப்பாள் என்று எண்ணாதீர்கள். கத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "பண்டிகை பிடிக்கும். எல்லாவற்றையும் நானே நினைத்துக்கொண்டிருப்பதுதான் பிடிக்கவில்லை." சொல்லும்போது மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.