துபாய்க்குப் போக இரண்டரை மணி, வர ஐந்தேகால் மணியா?

கேள்வி: பெங்களூரு–துபாய் தூரம் 2,700 கி.மீ. விமானம் மணிக்கு 850 கி.மீ. போகும் என்றால் 3 மணி 10 நிமிடம் வர வேண்டும். மகன் அனுப்பிய டிக்கெட்டில் காலை 10.30-க்குக் கிளம்பி மதியம் 1.00-க்கு இறங்குகிறது. திரும்பும்போது இரவு 10.00-க்குக் கிளம்பி அதிகாலை 3.15. எந்தக் கணக்கும் ஒத்து வரவில்லையே?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 1.00 என்றால் இங்கே 2.30, ஆக, போக 4 மணி நேரம். அங்கே இரவு 10.00 என்றால் இங்கே 11.30, வர 3 மணி 45 நிமிடம்.

அதிலும் முழுக்கப் பறக்கும் நேரமில்லை. விமானத்தைப் பின்னால் தள்ளும் நிமிடத்திலிருந்து அங்கே போய் நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவே 15, 20 நிமிடம் ஆகும். நீங்கள் சொன்ன 850 கி.மீ. வேகம் 10, 11 கி.மீ. உயரம் ஏறிய பிறகுதான். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கி.மீ.தான் வரம்பு. 2,700 என்பதும் பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். வான்வழித் தடங்கள் அப்படியே நேராகப் போவதில்லை.

போக வர உள்ள வித்தியாசம் காற்றால் வருவது. மேற்கிலிருந்து 60 கி.மீ. வேகக் காற்று என்று வையுங்கள்: போகும்போது 790, வரும்போது 910. அதே தூரத்துக்கு 3 மணி 25 நிமிடம், 2 மணி 58 நிமிடம், கிட்டத்தட்ட அரை மணி இடிக்கிறது. மார்கழி, தையில் இது அதிகம். ஆடியில் சுருங்கிவிடும்: தென்மேற்குப் பருவகாலத்தில் நம் தலைக்கு மேலே, உயரத்தில், கிழக்கிலிருந்து பலத்த காற்று ஓடுகிறது. அதை 1958-ல் விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம்.

விமானத்தைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது சாலையில். கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் சுமார் 125 கி.மீ. பெரும்பாலான வெளிநாட்டு விமானங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். 10.30 விமானத்துக்கு அதிகாலை 4 மணிக்குக் கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டுங்கள். 6 மணிக்குள் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பைக் கடந்துவிட்டால் கவலையில்லை. மாலை விமானமென்றால் ஊருக்குள் நுழையாமல் அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், ஹொசகோட்டே வழியாகத் தேவனஹள்ளி போகலாம். லாரிகள் அதிகம், ஆனால் சிக்னலில் நிற்கும் நேரம் மிச்சம். டிரைவரிடம் ‘டெர்மினல் 2’ என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து அங்கேதான்.

கேள்வி: சேலம்–சென்னை விமானம் தருமபுரிக்காரர்களுக்கு லாபமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: நேர்க்கோட்டில் 265 கி.மீ.தான். இந்த மாதிரி குறுந்தடங்களில் ஓடும் ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானத்தின் வேகம் 500 கி.மீ.யை ஒட்டி, ஏற, இறங்க, ஊர்ந்து போக எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வையுங்கள். சேலம் விமான நிலையம் உள்ள காமலாபுரம் போய்ச் சேர ஒரு மணி, அங்கே காத்திருக்க ஒன்றரை மணி, மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. காரில் ஐந்தரை, ஆறு மணி ஆகும் பயணத்தில் ஒன்றரை மணிக்கு மேல் மிச்சமாகும், தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழாமல் இருந்தால்.