முடக்குவாதம் அரித்த எலும்பு மீளுமா? மூட்டுநோய் மருத்துவரிடம் கேள்வி பதில்

தஞ்சாவூர் வாசகி: டாக்டர், எனக்கு வயது 42. கை எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். கால்சியம் குறைவால் வந்ததா?

இல்லை அம்மா. முடக்குவாதத்தில், அதாவது உடலின் தற்காப்பு அமைப்பே மூட்டைத் தாக்கும் ருமட்டாய்டு நோயில், மூட்டின் உள்சவ்வு வீங்கித் தடித்து, குருத்தெலும்பு மூடாத ஓரங்களில் எலும்பின்மேல் படர்கிறது. அங்கே ராங்க்-எல் என்ற புரதம் பெருகி, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை உருவாக்குகிறது. அந்தச் செல் எலும்பின்மேல் அழுந்த ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கும். பிறகு நொதியால் எஞ்சிய புரத நாரைச் செரிக்கும். எல்லோர் எலும்பிலும் அன்றாடம் நடக்கும் வேலைதான் இது. கரைந்த இடத்தை ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து நிரப்பிவிடும். முடக்குவாதத்தில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதம், டி.கே.கே.-1 என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கச் செய்து, அந்த நிரப்பும் செல்களை முடக்கிவிடுகிறது. இந்த நிலையில் கால்சியம் மட்டும் விழுங்குவது, கொத்தனாரை உள்ளே விடாமல் வாசலில் செங்கல்லை இறக்குவது போன்றது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவை. ஆனால் அது எலும்பு மெலியாமல் இருக்கத்தான். பள்ளத்தை நிரப்ப அல்ல.

சேலம் வாசகர்: இப்போது வலியே இல்லை. மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. வலி அடங்கிய மூட்டிலும் சவ்வழற்சி மிஞ்சியிருப்பதை அல்ட்ராசவுண்டு காட்டும், அரிப்பும் தொடரலாம். மருந்தைக் குறைப்பதை உங்கள் மருத்துவர் பரிசோதித்து முடிவு செய்யட்டும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எடுப்பவராக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது வாரம் ஒரே ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை முடங்கி உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

ஈரோடு வாசகர்: யூரிக் அமிலம் 8 இருக்கிறது. எனக்கும் எலும்பு அரிக்குமா?

யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் படிவதால் வரும் கவுட் வேறு நோய். உங்கள் பொது மருத்துவரைப் பாருங்கள்.

மதுரை வாசகர்: எலும்பு மீளாது என்கிறார்கள். உயிரியல் ஊசி (டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்களைத் தடுக்கும் மருந்து) போட்ட பிறகு என் விரல் மூட்டுப் பள்ளம் சிறுத்திருக்கிறதே!

கோவை வாசகர் (எக்ஸ்ரே தொழில்நுட்பர்): கையைச் சற்றுத் திருப்பி வைத்தாலே பள்ளம் சிறியதாகத் தெரியும். அவர் ஏமாறக் கூடாது.

கோவைக்காரர் சொல்வது நியாயமான சந்தேகம். நிபுணர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால்தான் 2000-களின் தொடக்கத்தில், எது முந்தைய படம் எது பிந்தையது என்று சொல்லாமலே நிபுணர்களைப் படிக்க வைத்துச் சோதித்தார்கள். சில பள்ளங்கள் உண்மையாகவே சிறுத்திருந்தன. பின்னர் வந்த நுண் சி.டி. படங்களில், பள்ளத்தின் அடியில் புது எலும்பு படிந்து, விளிம்பு வெண்மையாகத் தடித்திருப்பதும் தெரிந்தது. ஆகவே மதுரைக்காரர் கண்டது உண்மையாக இருக்கலாம்.

கோவை வாசகர்: அப்படியானால் மூட்டு பழையபடி ஆகிவிடும் என்று சொல்கிறீர்களா?

இல்லை. அந்த ஆசையை நான் யாருக்கும் ஊட்ட மாட்டேன். பெரும்பாலும் பகுதி அளவுதான் நிரம்பும். அதுவும் வீக்கம் முழுதாக அடங்கிய மூட்டில்தான் நான் பார்த்திருக்கிறேன். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்வதில்லை.

மதுரை வாசகர்: ராங்க்-எல்லையே தடுக்கும் ஆறு மாத ஊசி போட்டால் போதாதா?

டெனோசுமாப். நல்ல கேள்வி. அது அரிப்பைக் குறைக்கிறது. ஆனால் சவ்வழற்சியையோ குருத்தெலும்புத் தேய்வையோ தடுப்பதில்லை. திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. முடக்குவாத மருந்துக்கு அது மாற்றாகாது. டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் உயிரியல் ஊசியோ, காசநோய் உறங்கிக்கிடக்கிறதா என்று பாராமல் தொடங்கவே கூடாதது.

நாகர்கோவில் வாசகி: பொட்டலப் பொடி ஒன்று சாப்பிட்டதும் இரண்டே நாளில் எழுந்து நடந்தேன்.

பெயர் எழுதாத பொடி அவ்வளவு வேகமாகக் கேட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் முதலில் அஞ்சுவேன். நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். பொட்டலத்துடன் உடனே மருத்துவரிடம் போங்கள்.

விருதுநகர் வாசகர்: எந்தக் கால்சியம் மாத்திரை பள்ளத்தை நிரப்பும்?

எதுவும் நிரப்பாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கரூர் வாசகி: மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன். குழந்தை பெற விரும்புகிறேன்.

கருத்தரிக்கும் முன்பே அதை நிறுத்தி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அதுவரை கருத்தடை தேவை.

திருநெல்வேலி வாசகர்: அப்பாவுக்கு இருபது ஆண்டு முடக்குவாதம். முழங்கால் மாற்று அறுவை வைத்திருக்கிறார்கள்.

அறுவைக்கு முன் கழுத்தை முன்னால் குனிய வைத்தும் பின்னால் சாய்த்தும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நாள்பட்ட நோயில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் நழுவியிருக்கலாம். மயக்க மருந்தின்போது கழுத்தை அதிகமாக வளைத்தால் தண்டுவடம் நசுங்கலாம். மயக்க மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.