இரவிலயே யாழ்ப்பாணம் வெளிக்கிட வேண்டாம், தங்கச்சி

ரொறன்ரோவில இருந்து பத்து மாதக் குழந்தையோடயும் நாலு வயதுப் பிள்ளையோடயும் தனிய வாறீங்கள். இரவு இறங்கின கையோட வான் பிடிச்சு யாழ்ப்பாணம் வரச் சொல்லீனம், வரலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். வேண்டாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில இருந்து ஏழெட்டு மணித்தியால ஓட்டம். நடுச்சாமத்தில அனுராதபுரம் தாண்டேக்க சாரதிக்கும் கண் சொருகும். நீர்கொழும்பு பக்கத்திலதான் இருக்கு, அங்க படுத்தெழும்பி விடிய வெளிக்கிடுங்கோ. குழந்தையின்ர கார் இருக்கையைக் கொண்டு வாங்கோ. வாடகை வானுகளில அநேகமா இராது.

வந்த பிறகும் பிள்ளையள் சாமத்தில முழிச்சிருந்து விளையாடுவினம். குளிர்காலத்தில பத்தரை மணித்தியால வித்தியாசமெல்லோ! அதால முதல் கிழமை வீடு வீடாக் கொண்டு திரியாதேங்கோ. பாக்க விரும்பிற சொந்தங்களை அம்மம்மா வீட்டுக்கே வரச் சொல்லுங்கோ. ஆரும் முகம் சுழிச்சாலும் பரவாயில்லை, பிள்ளையள் முக்கியம்.

மார்கழி மழைக்குள்ள டெங்கு கூட. அந்த நுளம்பு பகலிலயும் கடிக்கும், பகல் நித்திரைக்கும் வலை போடுங்கோ. சின்னவருக்குச் சின்னமுத்து (தட்டம்மை) தடுப்பூசியை முந்திப் போடலாமோ எண்டு வைத்தியரிட்ட இப்பவே கேளுங்கோ. தகப்பன் வராததால, பிள்ளையளைக் கூட்டி வர அவரின்ர சம்மதக் கடிதமும் கையில இருக்கட்டும்.