கழுத்துத் தழும்புக்கு ஆபரேஷன்: செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜன்தானா?

கேள்வி: காசிமேட்டில் இருக்கிறோம். என் மகளுக்கு 22 வயது. ஆறு வயதில் ஸ்டவ் வெடித்துக் கழுத்தில் தீக்காயம் பட்டது. தழும்பு இறுகிப்போய், அவளால் தலையை முழுதாக நிமிர்த்த முடியவில்லை. பக்கத்தில் ஒரு காஸ்மெட்டிக் கிளினிக்கில், "காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். சுவர் முழுக்கச் சான்றிதழ்கள். அந்த டாக்டர் உண்மையிலேயே பிளாஸ்டிக் சர்ஜன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான்கு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம்.

பதில்: அம்மா, முதலில் ஒன்று. முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள்.

சுவரில் எத்தனை சான்றிதழ் இருந்தாலும் நீங்கள் தேட வேண்டியது ஒன்றைத்தான்: எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி, அதாவது எம்.எஸ்.ஸுக்கும் மேலே படிக்கும் அறுவை சிகிச்சைப் பட்டம். அதற்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.ஆர்.என்.பி. பட்டமும் உண்டு, பழைய ஆட்களிடம் அது டி.என்.பி. என்று இருக்கும். பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. அதன்பின் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை மூன்று ஆண்டு. அப்புறம் இன்னொரு நுழைவுத் தேர்வு எழுதி, பிளாஸ்டிக் சர்ஜரி மட்டும் மூன்று ஆண்டு. எம்.பி.பி.எஸ். முடித்து நேராக ஆறாண்டுப் படிப்பில் சேரும் வழியும் உண்டு. எப்படி வந்தாலும் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு வரும் தீக்காயத்தையும் நசுங்கிய விரலையும் பார்த்துப் பார்த்துத்தான் கை பழகுகிறது. சில மாத அழகியல் டிப்ளமோ அதற்கு ஈடாகாது. 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்பதற்கு நம் நாட்டில் தனி எம்.சிஎச். பட்டம் கிடையாது, அழகுக்கான அறுவை சிகிச்சையும் இந்தப் பிளாஸ்டிக் சர்ஜரி படிப்புக்குள்ளேயே வருகிறது. தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்தவர் முறையான நிபுணர்தான். ஆனால் இறுகிய கழுத்தை வெட்டி விடுவிப்பது அவர் வேலை அல்ல.

பட்டம் வாங்கினால் மட்டும் போதாது, அது மருத்துவக் கவுன்சிலில் பதிவாகியிருக்க வேண்டும். நம் மாநிலத்துக்கு அது அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கொடுத்த பதிவு எண்ணோடு, பிறகு படித்த எம்.எஸ்., எம்.சிஎச். பட்டங்களையும் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டர் தன் பதிவு எண்ணைப் போட வேண்டும் என்பது விதி. அந்தச் சீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகளே செய்துவிடுவாள். சந்தேகமிருந்தால் டாக்டரிடமே, "உங்க எம்.சிஎச். கவுன்சில்ல பதிவாகியிருக்கா சார்?" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை. என்னிடம் கேட்டால் நான் எடுத்துக் காட்டுவேன்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது 'சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்' என்ற வரிதான். கழுத்து நிமிராத ஒருவருக்கு மயக்க மருந்து கொடுப்பது கடினமான வேலை. மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டுமானால் தலை பின்னால் சாய வேண்டும். உங்கள் மகளுக்கு அதுதானே முடியவில்லை? அனுபவமுள்ள மயக்க மருந்து நிபுணர், அதற்கான கருவிகள், அவசரத்துக்கு ஐ.சி.யூ., எல்லாம் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். 2016-ல் இதே சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பிறகு ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். சின்ன வேலைதானே என்று எதையும் நினைக்க முடியாது.

ஆபரேஷனில் இறுகிய தழும்பை வெட்டித் திறந்து, பெரும்பாலும் தொடையிலிருந்து தோல் எடுத்து அந்த இடத்தில் ஒட்டுவோம். (பிளாஸ்டிக் வைத்துத் தைப்பார்களா என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். இல்லை. வடிவம் கொடுப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.) ஒட்டிய தோல் மறுபடி சுருங்கப் பார்க்கும். அதனால் கழுத்துப் பட்டையைப் பல மாதம் போட வேண்டும், பிசியோதெரபியும் தொடர வேண்டும். நிறமும் மென்மையும் படிய ஓராண்டு ஆகலாம். நான்கு மாதத்தில் கல்யாணம் என்றால் மணமேடையில் பட்டையோடு உட்காரும்படி ஆகலாம். மாப்பிள்ளை வீட்டில் பேசி, கல்யாணத்துக்குப் பிறகு நிதானமாகச் செய்துகொள்வதே நல்லது என்பது என் எண்ணம். முடிவை அவளே எடுக்கட்டும்.

உங்களுக்கு ராயபுரத்து ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி துறை அங்கே இருக்கிறது. எம்.சிஎச். படிப்பும் அங்கு உண்டு. இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்கு 2018-ல் வேறொருவரின் கைகளைப் பொருத்தியதும் அங்கேதான். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. காலையில் புறநோயாளிச் சீட்டு போட்டு, பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு என்று கேளுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். அப்போது ஏதாவது ஆபரேஷன் நடந்திருந்தால், தோல் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது அங்கிருக்கும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.