முதல் வேட்டைத் துப்பாக்கி: கேள்வி பதில்

என்னைப் பற்றி இரண்டு வரி. நியூசிலாந்தின் தென் தீவில் பதினாலு வருஷம் இருந்தேன். மான் வேட்டை அங்கே வார இறுதிப் பழக்கம். இப்போது திரும்பி வந்து அங் மோ கியோவில் இருக்கிறேன். இங்கே என்னிடம் துப்பாக்கி கிடையாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. நம் ஆட்கள் நிறையப் பேர் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபோகிறார்கள். அங்கே போய் முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர்களுக்காகத்தான் இது. கேளுங்கள்.

கிரைஸ்ட்சர்ச் போகப் போகிறவர்: அண்ணே, செம்மான் வேட்டைக்கு முதல் துப்பாக்கி. .300 வின்செஸ்டர் மேக்னம் எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

வேண்டாம் தம்பி. மான் சாகுமா என்று மட்டும் பார்த்தால் நண்பர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் கற்றுக்கொள்வீர்களா என்று பார்க்க வேண்டும். அந்த மேக்னம் பெரிய தோட்டா; தோளில் உதைப்பது .308 என்ற நடுத்தரத் தோட்டாவைப் போலக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. புதியவர் பத்து ரவுண்டு சுட்டதும் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பதினொன்றாவது ரவுண்டில் விசையைத் தொடும்போதே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிக்க ஒரு வருஷம் ஆகும்.

.308 அல்லது 7மிமீ-08 எடுங்கள். .308 வந்தது 1952-இல். தேசிய சேவையில் ஜிபிஎம்ஜி இயந்திரத் துப்பாக்கி தூக்கியிருந்தால் அதன் 7.62 தோட்டாவின் உடன்பிறப்பு இது. 7மிமீ-08 அதே உறையின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. உதை கொஞ்சம் குறைவு. செம்மானுக்கு இரண்டும் தாராளம். எந்த ஊர்க் கடையிலும் .308 தோட்டா கிடைக்கும் என்பது பெரிய வசதி.

துப்பாக்கி போல்ட் ஆக்ஷனாக இருக்கட்டும், அதாவது ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட் என்ற தாழைக் கையால் இழுத்துத் தள்ளுகிற வகை. டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500 இரண்டும் நான் தைரியமாகச் சொல்பவை. ஆனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். கடையில் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான பக்கம் நீட்டி, கண்ணை மூடித் தோளுக்கு ஏற்றுங்கள். கன்னம் தானாகக் கட்டையில் உட்கார்ந்ததா? கழுத்தை நீட்டவோ மடக்கவோ வேண்டியிருந்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை. நம்மில் பலர் அங்குள்ளவர்களைவிடக் கை குட்டை; பின்கட்டை நீளம் நமக்கு முக்கியம். மிச்சமாகும் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பயிற்சி எடுங்கள். வாங்கிய துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், 2023 ஜூனிலிருந்து அங்கே அதுதான் சட்டம். பூட்டிய பெட்டியில் துப்பாக்கி, தனியாகப் பூட்டிய இடத்தில் தோட்டா.

தெம்பனிஸ் வாசகி: நான் இடக்கைக்காரி. வலக்கைத் துப்பாக்கியில் சமாளிக்கலாமா?

கைக்கு முன்னால் கண்ணைப் பாருங்கள் அம்மா. இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை செய்து, தூரத்தில் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் குறிக்கண். கையும் கண்ணும் இடது என்றால் இடக்கை போல்ட் வாங்குங்கள். டிக்காவில் கிடைக்கும். தேசிய சேவையில் வலத்தோளில் வைத்துப் பாடுபட்ட இடக்கைப் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக் காசில் வாங்கும்போது அந்தப் பாடு எதற்கு?

யீஷூன் வாசகர்: ஸ்கோப் எது வாங்குவது? எப்படி மாட்டுவது? கடையிலேயே மாட்டித் தருவார்களா?

3-9x40 போதும், அதாவது 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ. அகலம். 24 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி காட்டில் இலையைத்தான் பெரிதாக்கும்.

கடையில் மாட்டித் தருவார்கள். ஆனால் அது கடைக்காரர் கண்ணுக்குச் சரியாக இருக்கும். நீங்களே மாட்டுங்கள், ஒரு மாலை நேர வேலைதான். முதலில் போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். துப்பாக்கிமேல் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களில் அதைத் தளர்வாக வைத்து, உருப்பெருக்கத்தை உச்சத்துக்குத் திருப்புங்கள். கண்ணை மூடி, கன்னம் பதித்து, கண்ணைத் திறக்க வேண்டும். வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்தால் முன்னே பின்னே நகர்த்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுமார் 9 செ.மீ. இருக்கட்டும். குறைந்தால் முதல் வெடியிலேயே புருவம் கிழியும். தேசிய சேவையின் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் 1.5 மடங்குக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்த பழக்கம் இங்கே ஆபத்து.

அப்புறம், வாசலில் ஒரு நூலில் கனமான நட்டு கட்டித் தொங்கவிடுங்கள். துப்பாக்கி சாயாமல் இருக்கும்போது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோட்டின் நிமிர்ந்த கோடு நூலோடு ஒன்ற வேண்டும். திருகுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது வளையம் வந்த பெட்டியில் எழுதியிருக்கும், பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் பக்கம். முறுக்களவு காட்டும் ஸ்பேனர் இல்லாமல் இறுக்கி ஸ்கோப் குழாயை நசுக்கியவர்கள் உண்டு.

ரேஞ்சில் முதல் இலக்கு 25 மீட்டரில். போல்ட் இல்லாத குழல் வழியாகவே இலக்கைப் பார்த்து, துப்பாக்கியை அசைக்காமல் குறுக்குக்கோட்டை அங்கே கொண்டுவாருங்கள். சுட்டுத் திருத்தி, பிறகு 100 மீட்டர். மூன்று ரவுண்டு சுட்டு, மூன்றின் நடுவைப் பாருங்கள். ஒரு ஓட்டையைத் துரத்தாதீர்கள். ஸ்கோப் திருகின் ஒரு சொடுக்குதான் கிளிக்; எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்ஓஏ கிளிக் என்றால் 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகரும். நடு 11 செ.மீ. கீழே, 6 செ.மீ. வலப்பக்கம் என்றால் 16 கிளிக் மேலே, 8 அல்லது 9 கிளிக் இடப்பக்கம். குழல் ஆறட்டும். மறுபடி மூன்று. வேட்டைக்குக் கொண்டுபோகிற அதே தோட்டாவில்தான் இதைச் செய்ய வேண்டும். வேறு தோட்டா என்றால் வேறு இடத்தில் விழும்.

பொங்கோல் வாசகர்: எங்கள் புளோக் பின்னால் காட்டுப்பன்றி வருகிறது. ஏதாவது செய்யலாமா?

தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஒன்றும் செய்யக்கூடாது, தீனியும் போடக்கூடாது.

உட்லண்ட்ஸ் வாசகர்: நான் தேசிய சேவையில் மார்க்ஸ்மேன். 300 மீட்டரில் உருவ அட்டையை விழத்தட்டியவன். ஆரம்பப் பாடங்களைத் தாண்டி நேராக வேட்டைக்குப் போகலாம்தானே?

சுடத் தெரியும் உங்களுக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரேஞ்சில் படுத்திருந்தபோது என்ன பழகினீர்கள்? அட்டை எழும்பும், சில நொடிதான் நிற்கும், உருவம் தெரிந்ததும் சுட வேண்டும். மலையில் அந்தப் பழக்கத்தைக் கழற்ற வேண்டும். உருவம் தெரிந்தால் சுடக்கூடாது. இன்னது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்த பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும்.

ஜூரோங் வாசகர், முன்னாள் சார்ஜண்ட்: மன்னிக்கணும் அண்ணே, தேசிய சேவையைக் குறைத்துப் பேசுகிறீர்கள். பாதுகாப்பை எங்களைவிடக் கறாராக யார் சொல்லித்தருகிறார்கள்?

குறைத்துப் பேசவில்லை. எம்-16 காலத்தில் நானும் அங்கேதான் கற்றேன். குழலை எங்கே நீட்டுவது, காலி என்று எப்படிக் காட்டுவது, இதெல்லாம் இன்றும் என் கையில் இருப்பது அந்தப் பயிற்சியால்தான். ஆனால் ரேஞ்சில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது என்பதை வேறொருவர் உறுதி செய்துவிட்டார். எதிரே ஆள் இல்லை என்பதையும் அவரே பார்த்துக்கொண்டார். மலையில் அந்த அதிகாரி நீங்களேதான்.

அதே ஜூரோங் வாசகர்: சுடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவும் எங்களுக்குப் பயிற்சி உண்டு.

சரி, ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் மாதம். ஆண் செம்மான் உறுமும் பருவம் அது. வேட்டைக்காரர்கள் குழாயில் ஊதி அதே குரலில் கூப்பிடுவார்கள், மான் சண்டைக்கு வரும். நண்பர் ஊதினார், கீழே ஓடைப் பக்கமிருந்து பதில் வந்தது. மறுபடி ஊதினார், பதில் நெருங்கியது. இப்படிக் கால் மணி நேரம். அறுபது மீட்டரில் கிளை ஆடியது, பழுப்பாக ஒன்று அசைந்தது. நண்பர் துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றினார். நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். இலைக்கு நடுவே ஒரு கை தெரிந்தது. கையில் எங்களுடையது போலவே ஒரு குழாய். அவரும் எங்களை மான் என்று நம்பித்தான் ஏறி வந்துகொண்டிருந்தார்.

மூன்று பேருமே அனுபவசாலிகள். எதிர்பார்ப்பு ஏறினால் கண் பார்க்க விரும்புவதைப் பார்க்கிறது. அன்றைக்கு நண்பர் கை நடுங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஜூரோங் வாசகர்: புரிகிறது அண்ணே. அந்தக் குழாய் விஷயம் எனக்குத் தெரியாது.

தெம்பனிஸ் வாசகி: அப்படியானால் எதைப் பார்த்தால் போதும்? கொம்பு தெரிந்தால்?

நல்ல கேள்வி. கொம்பு போதாது. சுட்ட மானின் கொம்பை முதுகுப்பையில் கட்டிக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள். தலை, கழுத்து, தோள், உடம்பு எல்லாம் ஒரே விலங்காகச் சேர்ந்து தெரிய வேண்டும். அதன் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். மேட்டு விளிம்பில் வானத்தை முதுகாக வைத்து நிற்கிற மானைச் சுடக்கூடாது. இதற்கெல்லாம் பைனாகுலர். ஸ்கோப்பில் தேடினால், அங்கே இருப்பது மனிதராக இருந்தால் ஏற்கெனவே அவர்மேல் துப்பாக்கியை நீட்டிவிட்டீர்கள். ஸ்கோப்பில் மிச்சம் பிடித்தாவது நல்ல பைனாகுலர் வாங்குங்கள்.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்: .308-ஆ, 6.5 கிரீட்மோரா?

முதல் பதிலைப் படியுங்கள். 6.5-உம் நல்லதுதான், உதை குறைவு. எது உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கிறதோ அது.

பிடோக் வாசகர்: .308-ஆ, .270-ஆ?

மேலே இருப்பதே பதில்.

செங்காங் வாசகர்: தார் ஆட்டுக்கு .308 போதுமா?

போதும். இமாலயத் தார் அது, 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டவற்றின் வாரிசுகள். நம் நீலகிரி வரையாட்டுக்குத் தூரத்து உறவு. ஆனால் இடம் பனிப்பாறைச் சரிவு. முதல் வருஷம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சுவா சூ காங் வாசகர்: குடிபோகும் முன் இங்கேயே ஒரு ஏர் ரைஃபிள் வாங்கி வீட்டில் பழகலாமா?

முடியாது. ஏர் ரைஃபிளும் இங்கே ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்தால் ஐந்து முதல் பத்து வருஷம் சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. பழக ஆசை என்றால் ஒரு சுடும் கிளப்பில் சேருங்கள். 2018 காமன்வெல்த் விளையாட்டில் இரண்டு தங்கம் வாங்கிய மார்டினா வெலோசோ 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சுட்டவர்தான். மூச்சு, விசை, நிதானம் எல்லாம் அங்கே வரும்.

செராங்கூன் வாசகர்: நான் குடிபோகவில்லை, பத்து நாள் சுற்றுலா. லைசன்ஸ் இல்லாமல் ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?

நியூசிலாந்தில் லைசன்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று கண்காணித்தால் சுடலாம். வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே செராங்கூன் வாசகர்: அங்கே சுட்ட தோட்டாவின் காலி உறையை நினைவுக்குக் கொண்டுவரலாமா? ஸ்கோப் மலிவாகக் கிடைத்தால்?

ஸ்கோப்பை வாங்கும் முன் காவல்துறையின் உரிமப் பிரிவில் கேளுங்கள். உறையை அங்கேயே விட்டுவிடுங்கள். யாரிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: வேட்டைக்குப் போட்ட உடுப்பு, பூட்ஸ், பை எதுவும் சோதிக்காமல் சாங்கிக்கு வரக்கூடாது. நான் திரும்பி வருவதற்கு முந்தின இரவு, இரண்டு தடவை துவைத்த ஜாக்கெட்டை மடிக்கும்போது உள்பாக்கெட்டின் ஓரத் தையலில் விரலுக்கு ஏதோ கட்டியாகப் பட்டது. தையலைப் பிரித்தேன். சுடாத .308 ரவுண்டு ஒன்று, பளபளவென்று. பாக்கெட் துணியில் ஓட்டை விழுந்து உள்ளே இறங்கியிருக்கிறது. விடிந்ததும் லைசன்ஸ் உள்ள பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் விமான நிலையம் போனேன். ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள், தையலையும் தடவிப் பாருங்கள்.