பழ ஈ ஆய்வில் சேரலாமா? கவலைப்படும் பெற்றோருக்கு

ஈயை வைத்து ஆராய்ச்சி செய்தால் மகளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் அவர் படிக்கப்போவது ஈயை மட்டுமல்ல, ஓர் உடல் எவ்வளவு வளர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் கைனேஸ் நொதிகளை. இவை செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தில் சேர்க்கின்றன. அதைப் பொறுத்து அந்தப் புரதம் முடுக்கிவிடப்படும் அல்லது அடங்கும். இன்சுலின் ஏற்பியில் தொடங்கி ஏகேடி, டார், எஸ்6 கைனேஸ் என்ற கைனேஸ்கள் வழியே வளர்ச்சிக் கட்டளை போகும் பாதை ஈயிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. தைராய்டு புற்றுநோயின் ஒரு வகைக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வாண்டெடானிப் ஒரு கைனேஸ் தடுப்பு மருந்து. 2005லேயே அது பழ ஈயில் சோதிக்கப்பட்டிருந்தது. மருந்து ஆய்வுத் துறைக்கு இந்தப் படிப்பு அந்நியமில்லை.

பிஎச்.டி.யில் சேருமுன் இரண்டு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்புங்கள். 25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து முழு ஈ வர சுமார் 10 நாள்தான் ஆகும். அதற்குள் ஓர் உருப்படியான கேள்விக்கு விடை கண்டுவிடலாம்.

என் பரிந்துரை, சிறகு. உடலின் ஒரு பகுதியில் மட்டும் ஒரு மரபணுவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் கேல்4 முறையில், சிறகில் மட்டும் எஸ்6 கைனேஸைக் குறைத்து, சிறகின் பரப்பை அளக்கட்டும். சிறகில் ஒரு செல்லுக்கு ஒரு மயிர். குறிப்பிட்ட சதுரத்துக்குள் மயிர்களை எண்ணினால் செல்லின் அளவு தெரிந்துவிடும். எஸ்6 கைனேஸ் இல்லாத ஈ சிறுத்துப்போவது செல்கள் சிறுப்பதால்; எண்ணிக்கை ஏறத்தாழ மாறாது. ஹிப்போ, வார்ட்ஸ் கைனேஸ்கள் போனாலோ செல்கள் பெருகித் திசு வீங்கும். இந்த வித்தியாசத்தைத் தன் கையால் அளந்து பார்த்தவர் வளர்ச்சி உயிரியலின் மையக் கேள்வியைத் தொட்டுவிட்டார்.

தவறு பெரும்பாலும் சாதாரண இடத்தில்தான் நடக்கும். குப்பியில் புழுக்கள் நெருக்கினால் தீனி போதாமல் எல்லா ஈயும் சிறுத்துவிடும். மரபணுவின் விளைவு என்று ஏமாந்துபோவோம். குப்பிக்கு 50 புழு என எண்ணிவிடுவது நல்லது. பெண் ஈ ஆணைவிடப் பெரியது, கலந்து அளக்கக் கூடாது. கேல்4 29 டிகிரியில் வேகமாகவும் 18இல் மந்தமாகவும் இயங்கும். ஒப்பீட்டு ஈக்களும் அதே வெப்பநிலையில் வளர வேண்டும். கலப்புக்கான, அதாவது நாம் தேர்ந்தெடுத்த ஆணோடு இணைசேர்ப்பதற்கான பெண் ஈக்களை, 25 டிகிரியில், கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள், வேறு ஆணோடு சேருமுன் பிரித்தெடுக்க வேண்டும். விடுமுறை நாளிலும் இந்த வேலை உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். பாஸ்பேட் ஏறிய புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (ஒரு குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்பொருளால் கண்டறியும் சோதனை) பார்க்கும்போது, பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான பாஸ்படேஸுக்குத் தடுப்பான் சேர்க்காவிட்டால் ஈயை அரைக்கும்போதே பாஸ்பேட் கழன்றுவிடும். இந்தச் சோதனையில் எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க வழக்கமாகப் பால் பவுடர் போடுவார்கள்; அதிலுள்ள கேசீனும் பாஸ்பேட் கொண்ட புரதம் என்பதால், இங்கே அதற்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டு இரத்தப் புரதத்தைப் போடுவார்கள்.

வேலைச் சந்தையைப் பொறுத்தவரை, கலப்பு மட்டும் தெரிந்தவருக்கு வாய்ப்பு குறைவு. படப் பகுப்பாய்வு, ஆர் என்ற கணினி மொழியில் புள்ளியியல், புரத வேதியியல் மூன்றும் கூட இருந்தால் மருந்து நிறுவனம், நோயறிதல் ஆய்வகம், அறிவியல் பதிப்பு எனப் பல கதவுகள் உண்டு. ஆய்வகத்தைத் தேர்வு செய்யும்போது அங்கிருந்து முன்பு பிஎச்.டி. முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று மகளையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்கும் ஆய்வகத்தில் சேர வேண்டாம்.