செப்பனியாவின் வாக்கு பொய்த்ததா?

மதிப்பிற்குரிய ஐயா,

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் செப்பனியா 3:15 இருந்தது: ‘கர்த்தர் உன் ஆக்கினைகளை அகற்றி, உன் சத்துருக்களை விலக்கினார்... இனித் தீங்கைக் காணாதிருப்பாய்.’ இது எருசலேமுக்குச் சொன்ன வாக்கு அல்லவா? சில பத்தாண்டுகளிலேயே பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை அந்த நகரத்தைக் கொளுத்தியது. பிறகு ரோமர் வந்தார்கள். அப்படியென்றால் தீர்க்கதரிசனம் பொய்த்துவிட்டதா? போதகரிடம் கேட்டால் ‘விசுவாசி’ என்கிறார்.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

பழைய ஏற்பாட்டில் செப்பனியா மூன்றே அதிகாரம்தான். ஒரே மூச்சில் முழுவதையும் படித்துவிடுங்கள்.

செப்பனியா யூதாவை ஆண்ட யோசியா அரசனின் காலத்தவர் (கி.மு. 640–609). தேசத்தில் உள்ள சகலத்தையும் வாரிக்கொள்வேன் என்று கர்த்தர் சொல்வதில் நூல் தொடங்குகிறது. அசீரியரின் தலைநகர் நினிவே பாழாகும் என்கிறார், கி.மு. 612இல் அது விழுந்தது. ஆனால் அவருடைய பெருங்கோபம் சொந்த ஊர்மேல்தான். உங்கள் வசனம் இருக்கும் அதே மூன்றாம் அதிகாரம் எருசலேமைச் சாடித்தான் ஆரம்பிக்கிறது. பிரபுக்கள் கெர்ச்சிக்கிற சிங்கங்கள், நியாயாதிபதிகள் விடிவதற்குள் எலும்பையும் மிச்சம் வைக்காத ஓநாய்கள், தீர்க்கதரிசிகள் வஞ்சகர்கள். (இதையெல்லாம் எந்தச் சபையும் அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை.) 11ஆம் வசனத்தில் பெருமைக்காரர்கள் விலக்கப்படுகிறார்கள். 12இல் ‘சிறுமையும் எளிமையுமான ஜனம்’ மீதியாக நிற்கிறது. ஆக்கினை அகன்றது என்ற செய்தி இவர்களுக்கு, அதுவும் ஆக்கினை வந்து போன பிறகு. ஆகவே கி.மு. 586இல் நகரம் எரிந்தது இந்த வாக்குக்கு முரண் இல்லை.

உங்கள் கேள்வி அதோடு தீராது என்று எனக்குத் தெரியும். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களையும் பாரசீகரும் கிரேக்கரும் ஆண்டார்கள், கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தையே இடித்தார்கள். இதெல்லாம் கிறிஸ்து திரும்ப வந்து ஆளப்போகும் ஆயிர வருட அரசாட்சியில் நிறைவேறும் என்போர் உண்டு. அவர்களை என்னால் மறுக்க முடியாது, அவர்களாலும் நிரூபிக்க முடியாது. சிதறியவர்களைச் சேர்ப்பேன் என்னும் கடைசி வசனங்கள் சிறையிருப்புக்காலத்திலோ அதற்குப் பின்னோ எழுதப்பட்டவை என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் ‘இனித் தீங்கைக் காணாதிருப்பாய்’ என்று எழுதியவர்களே ஊர் எரிந்த கதையை அறிந்தவர்கள்.

யூதேயப் பாலைவனத்தின் முரபாத் குகைகளில் யூதர்கள் ரோமரை எதிர்த்த பார் கோக்பா கலகத்தின்போது (கி.பி. 132–135) ரோமருக்குத் தப்பியவர்கள் ஒளிந்திருந்தார்கள். அங்கே 1955இல் பன்னிரு சிறு தீர்க்கதரிசிகளின் தோல்சுருள் ஒன்று கிடைத்தது. செப்பனியாவும் அதில் உண்டு. ஆலயம் போய் அறுபது வருடங்களுக்கு மேலாகியிருந்தது. பொய்த்துப்போன வாக்கென்று நினைத்திருந்தால் அதை அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போயிருக்க மாட்டார்கள்.